எமக்கு எது பெரிது?
மன உளைச்சலைத் தாங்கிக்கொள்ள ஒரு வழி

புலம்பெயர்ந்த நாட்டில் எம்மவர் இருவர் சந்தித்தால் முதலில் கேட்பது, “வேலை எப்படி?” அடுத்தது, “கேஸ் என்ன மாதிரி?” அதற்கு அடுத்தது, “ஊரிலே எல்லாரும் சுகமோ?” இந்த மூன்றுக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லிவிட்டு பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுகிறோம். “உன்ரை மனம் எப்படி இருக்கு?” என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்லத் தெரியாது. தலையிடிக்குது, நெஞ்சு அடைக்குது, நித்திரை வருகுதில்லை, வயிறு எரியுது என்றுதான் சொல்லுவோம். மனத்தின் வலியை உடம்பின் வலியாகச் சொல்வது எங்கள் வழக்கம். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் மனநல வைத்தியராகவும் பேராசிரியராகவும் பணிபுரிந்த தயா சோமசுந்தரம் அவர்கள், போர் எமது மக்களின் மனத்தில் விட்ட காயங்களைப் பற்றி எழுதிய தமிழ் நூலுக்கு ‘மனவடு’ என்றே பெயர் வைத்தார். வடு வெளியில் தெரியும். மனவடு தெரியாது. அதனால்தான் அதைப் பற்றிக் கதைக்க வேண்டியிருக்கிறது.

நான் டொக்டரும் அல்ல, பட்டம் பெற்றவனும் அல்ல. 2008 இல் வன்னி இடப்பெயர்வோடு என் பள்ளிப்படிப்பு நின்றுபோனது. இப்போது ஸ்காபரோவில் இருந்து பிளாஸ்ரிக் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு இரவு வேலைக்குப் போய் வருகிறேன். ஆனாலும் இந்த விடயத்தைப் பற்றிக் கிடைத்ததை வாசித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன், என்னிலேயே செய்து பார்த்தேன். புதிதாக வந்து குடியேறியுள்ள குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சுமை என்றால் என்ன?

‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல் இன்று சின்னப் பிள்ளைகளின் வாயிலும் இருக்கிறது. இந்தச் சொல்லை மருத்துவத்தில் பிரபலமாக்கியவரும் எங்களைப் போல இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒருவர்தான். ஹான்ஸ் செலியே என்பவர் 1907 இல் வியன்னாவில் பிறந்தார். 1930களில் மொன்றியலுக்கு வந்து ஆராய்ச்சி செய்தார். குளிர், காயம், நஞ்சு என்று எந்தக் கஷ்டம் வந்தாலும் உடம்பு ஏறக்குறைய ஒரே விதமாகவே பதில் கொடுக்கிறது என்று 1936 இல் அவர் எழுதிய சின்னக் கட்டுரை ஒன்று பிற்காலத்தில் பெரிய புகழ் பெற்றது.

ஆபத்து என்று மனம் நினைத்தவுடன் அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, கை கால் இறுகுகிறது. சிறிது நேரத்தில் கோர்ட்டிசோல் என்ற இன்னொரு சுரப்பும் கூடுகிறது. ஷெல் விழும்போது பங்கருக்குள் ஓட இது வேண்டும். ஓடி முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். ஆனால் அகதி விசாரணைக்கான கடிதம், வட்டிக்கு வாங்கிய ஏஜென்சிக் கடன், பேஸ்மென்ற் வாடகை, சூப்பவைசரின் ஏச்சு ஆகியவை ஓடித் தப்பக்கூடிய ஆபத்துகள் அல்ல. அவை நாள் முழுக்க இருக்கின்றன. அடங்காத சுரப்பு நித்திரையைக் கெடுக்கிறது, இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது, வீட்டில் கோபத்தைக் கிளப்புகிறது.

கடனும் கடிதமும் எங்கள் கையில் முழுதாக இல்லை. அப்படியென்றால் எங்கள் கையில் இருப்பது என்ன?

விழுமியம் என்ற சொல்

ஊரில் பள்ளிக்கூடத்தில் ‘விழுமியம்’ என்ற சொல்லைப் படித்திருப்பீர்கள். அப்போது அது பரீட்சைக்குப் பாடமாக்கும் சொல். இங்கே அதைச் சாதாரணமாக இப்படிச் சொல்லலாம்: எவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், லாபம் வந்தாலும் வராவிட்டாலும், நான் எப்படிப்பட்ட மனிதனாக இருக்க விரும்புகிறேனோ அதுவே என் விழுமியம்.

விழுமியம் வேறு, இலக்கு வேறு. வீடு வாங்குவது இலக்கு. குடும்பத்துக்கு நிழலாக இருப்பது விழுமியம். வீடு பத்து வருடம் கழித்துத்தான் வரலாம், வராமலும் போகலாம். நிழலாக இருப்பதை இன்று இரவே செய்யலாம். பிள்ளை டொக்டராவது இலக்கு. கல்வியை மதிப்பது விழுமியம். இலக்கு தள்ளிப்போகும்போதெல்லாம் ‘நான் தோற்றுவிட்டேன்’ என்று மனம் சொல்லும். விழுமியத்தை அப்படி ஒருவராலும் எங்களிடமிருந்து தள்ளிவைக்க முடியாது.

2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நான் இதை நேரில் கண்டேன். முட்கம்பிக்குள் தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை. எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் இருந்த வாத்தியார் ஒருவர் தன் சொந்தத்தில் பலரை இழந்தவர். அவர் காலையில் முகம் கழுவி, இருந்த ஒரே சேர்ட்டை உதறிப் போட்டுக்கொண்டு, தறப்பாளின் நிழலில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கொப்பி இல்லை, மண்ணில் எழுதினார்கள். “சேர், உங்களாலை எப்படி ஏலுது?” என்று கேட்டேன். “நான் வாத்தி தம்பி. அதையும் விட்டால் என்னட்டை வேறை என்ன இருக்கு?” என்றார். எல்லாம் போன பிறகும் போகாமல் இருந்த அந்த ஒன்றுதான் அவரை நிமிர்த்தி வைத்தது.

வியன்னாவின் மனநல வைத்தியர் விக்ரர் பிராங்க்ல் இதையே ஆராய்ந்து எழுதினார். யூதரான அவர் 1942 இல் நாசிகளால் பிடிக்கப்பட்டு, 1944 இல் அவுஷ்விட்ஸ் முகாமுக்கும் அனுப்பப்பட்டார். தாய், தகப்பன், சகோதரன், மனைவி எல்லோரையும் முகாம்களில் இழந்தார். தனக்கு ஒரு பொருள், ஒரு கடமை இருக்கிறது என்று உணர்கிறவனால் மிகக் கொடிய நிலையையும் தாங்க முடிகிறது என்று 1946 இல் வெளிவந்த நூலில் சொன்னார். மனவுறுதி உள்ளவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்கும் அது தெரியும். முள்ளிவாய்க்காலில் போனவர்கள் மனம் தளர்ந்தபடியால் போகவில்லை. ஆனால் மிச்சமிருக்கிற நாங்கள் எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு அவர் சொன்னது உதவுகிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

“இதெல்லாம் ஆறுதல் பேச்சு” என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்க உளவியலாளர் க்ளோட் ஸ்டீல் 1988 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். எங்கள் மதிப்புக்கு ஒரு பக்கத்தில் அடி விழும்போது, எங்களுக்கு முக்கியமான வேறொரு பக்கத்தை நினைவுபடுத்திக்கொண்டால் அந்த அடியைத் தாங்க முடியும் என்றார்.

2005 இல் கலிபோர்னியாவில் டேவிட் கிரெஸ்வெல் என்பவரும் கூட்டாளிகளும் இதை மாணவர்களில் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் தங்களுக்கு மிக முக்கியமான விழுமியத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். மற்றப் பகுதியினருக்கு அவ்வளவு முக்கியமில்லாத ஒன்றைப் பற்றிய கேள்விகள். பிறகு எல்லோரையும் பயமூட்டும் ஒரு சோதனைக்கு உட்படுத்தினார்கள். சிரிப்பே காட்டாதவர்களுக்கு முன்னால் நின்று பேச வேண்டும், பெரிய இலக்கம் ஒன்றிலிருந்து கழித்துக் கழித்து உரத்துச் சொல்ல வேண்டும். அகதி விசாரணைக்குப் போனவர்களுக்கு அந்தச் சோதனை எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். முக்கியமான விழுமியத்தை முதலில் நினைத்தவர்களின் உடம்பில் கோர்ட்டிசோல் ஏறியது குறைவு என்று தெரியவந்தது.

மாணவர்கள் எங்கே, நாங்கள் எங்கே என்று கேட்பீர்கள். அகதிகளிடமும் செய்து பார்த்திருக்கிறார்கள். உகண்டாவின் றைனோ முகாம் குடியிருப்பில் தென் சூடானிலிருந்து ஓடிவந்த பெண்கள் 694 பேர் ஓர் ஆய்வில் பங்குபற்றினார்கள். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த ஒலிப்பதிவையும் படப் புத்தகத்தையும் வைத்து, டொக்டர் அல்லாத சாதாரண ஆட்கள் ஐந்து வகுப்புகள் நடத்தினார்கள். ஒரு பகுதிக் கிராமங்களின் பெண்களுக்கு அந்த வகுப்பு கிடைத்தது, மற்றவர்களுக்கு வழமையான உதவியும் ஆலோசனையும் மட்டும். 2020 இல் முடிவு வெளியானது. வகுப்புக்கு வந்த பெண்களின் மன வேதனை மற்றவர்களைவிடக் குறைந்தது. வகுப்பு முடிந்தவுடன் கூடுதலாகவும், மூன்று மாதம் கழித்து ஓரளவாகவும் அந்த நன்மை இருந்தது. மந்திரம் போல எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் வீடு வாசலை இழந்து ஓடிவந்தவர்களுக்கு ஓரளவு என்பதே பெரிது.

உலக சுகாதார நிறுவனத்தின் அந்தப் புத்தகத்தில் ஐந்து பாடங்கள் உண்டு. மூன்றாவது பாடம் விழுமியப்படி நடப்பது. கஷ்டமான நிலை ஒன்றில் மூன்று வழி உண்டு என்று அது சொல்கிறது. ஒன்று, அந்த இடத்தை விட்டு விலகலாம். இரண்டு, மாற்றக்கூடியதை மாற்றி, மாற்ற முடியாத வலிக்கு இடம் கொடுத்து, விழுமியப்படி நடக்கலாம். மூன்று, மனம் விட்டுப்போய் விழுமியத்தையும் விட்டு விலகிப் போகலாம். வேலை முடிந்து வந்து போத்தலோடு தனியே இருப்பவர் எடுத்தது மூன்றாவது வழி. அவரைக் குறை சொல்லவில்லை. இரண்டாவது வழியும் இருக்கிறது என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

பத்து நிமிடம், ஒரு துண்டுக் கடதாசி

இனிச் செய்முறைக்கு வருவோம். செலவு இல்லை. தமிழிலேயே எழுதுங்கள். மனம் தமிழில்தான் நோகிறது.

முதலாவது: குடும்பம், உண்மை, உழைப்பு, கல்வி, கடவுள் பக்தி, நட்பு, பிறருக்கு உதவி, மானம், மொழி, பொறுமை, நீதி, சுதந்திரம். இவற்றை ஒரு கடதாசியில் எழுதுங்கள். விட்டுப்போனதைச் சேருங்கள்.

இரண்டாவது: எது எனக்கு மிகப் பெரிது என்று பார்த்து மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டுங்கள். வெட்டுவது கஷ்டம். அந்தக் கஷ்டத்தில்தான் விடை இருக்கிறது.

மூன்றாவது: அந்த மூன்றில் ஒன்றைப் பற்றி ஐந்தாறு வரி எழுதுங்கள். இது ஏன் எனக்குப் பெரிது? என் வாழ்க்கையில் எப்போது இதன்படி நடந்தேன்? ஊரில் நடந்ததாக இருக்கலாம், நேற்று நடந்ததாக இருக்கலாம்.

நான்காவது: நாளைக்கு இருட்டுவதற்குள் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியத்தை எழுதுங்கள். ‘நல்ல தகப்பனாக இருப்பேன்’ என்று எழுதாதீர்கள். ‘வேலைக்குப் போக முன்னம் பிள்ளையோடு பத்து நிமிடம் இருந்து அவள் சொல்வதைக் கேட்பேன்’ என்று எழுதுங்கள்.

இதை விசாரணை, வேலை நேர்முகம், வாகன ஓட்டப் பரீட்சை போன்றவற்றுக்கு முன்னதாகச் செய்வது மிக நல்லது. என் விசாரணைக்கு முதல் கிழமை, தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் ஒரு பெட்டி லேபலின் பின்பக்கத்தில் நான் எழுதிய மூன்று சொற்கள் உண்மை, குடும்பம், உழைப்பு. பயம் போகவில்லை. கை நடுங்கியது. ஆனால் ‘இவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் நான் உண்மையைச் சொல்ல வந்தவன்’ என்ற நினைப்பு மனதுக்குள் ஒரு முளை போல நின்றது. கேள்வி விளங்காத இடத்தில் “விளங்கவில்லை, திரும்பக் கேளுங்கோ” என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்ல அதுதான் துணிவு தந்தது.

ஊரின் குரலும் இரவல் ஆசையும்

விழுமியங்களை எழுதும்போது இரண்டு சிக்கல் வரும்.

முதலாவது, இரவல் விழுமியம். பிள்ளையின் பிறந்தநாளை மண்டபம் எடுத்துச் செய்யவேண்டும், சாமத்தியச் சடங்குக்கு ஹெலிகொப்டர் வேண்டும், அடுத்த வீட்டுக்காரரை விடப் பெரிய வாகனம் வேண்டும். இவை எங்கள் விழுமியமா, ‘நாலு சனம் என்ன சொல்லும்’ என்ற பயமா? இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒருவரும் பார்க்கமாட்டார்கள், படமும் எடுக்கமாட்டார்கள் என்றால் அதைச் செய்வீர்களா? செய்வீர்கள் என்றால் அது உங்களுடையது. செய்யமாட்டீர்கள் என்றால் இரவல். இரவலுக்கு வட்டி கட்டத்தான் பலர் இரண்டு வேலை செய்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல் இன்னும் கடினமானது. ஒரே விழுமியம் எங்களை இரண்டு பக்கம் இழுக்கும். குடும்பம் பெரிது என்றால் எந்தக் குடும்பம்? இங்கே பேஸ்மென்றில் இருக்கும் மனைவி பிள்ளையா, கிளிநொச்சியில் வீட்டுக்குக் கூரை போடக் காத்திருக்கும் தாயா? டெலிபோன் மணி அடித்தாலே சிலருக்கு நெஞ்சு படபடக்கிறது, காசு கேட்கப் போகிறார்கள் என்று. அன்பாக இருந்த குரல் பயமாக மாறிவிடுகிறது. அகதி வாழ்வில் எனக்குத் தெரிந்த மிகத் துக்கமான விடயம் இதுதான்.

நானும் மனைவியும் இருந்து கணக்குப் பார்த்தோம். வாடகை, சாப்பாடு, பஸ், கடன் போக மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவு செய்தோம். பிறகு அம்மாவுக்கு எடுத்தேன். “அம்மா, மாசாமாசம் இவ்வளவுதான் ஏலும். ஆனால் தவறாமல் வரும். தங்கச்சியின்ரை கலியாணத்துக்குப் பெரிசாய்ச் செய்ய இப்ப என்னட்டை இல்லை” என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு அம்மா கேட்டா: “அது கிடக்கட்டும் ராசா. நீ நித்திரை கொள்ளுறியோ?”

எல்லாத் தாய்மாரும் இப்படிச் சொல்லுவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சில வீடுகளில் கோபம் வரும், கதை நிற்கும். ஆனால் குடும்பம் என்பதையும் உண்மை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. ஒன்று இரண்டு பக்கம் இழுக்கும்போது மற்ற விழுமியத்தைக் கேளுங்கள்.

பொறுத்துப் போவது விழுமியம் அல்ல

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘மனதைத் திடப்படுத்து’ என்று சொல்லி அநியாயத்தைப் பொறுக்கப் பழக்குவது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. சில உளைச்சல்களின் காரணம் மனத்தில் இல்லை, சம்பளத் துண்டில் இருக்கிறது.

நான் முன்னர் வேலை செய்த ஓர் இடத்தில் மெசினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் வேகம் கூடுமாம். வீட்டில் கைக்குழந்தை, கையில் நிரந்தர வதிவிடம் இல்லை. மறுத்தால் அடுத்த நாள் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம். உழைப்பு என் விழுமியம் என்றால், உழைக்கும் கையைக் காப்பதும் அதற்குள் அடக்கம் என்று முடிவெடுத்து “மூடியைப் போட்டால் ஓட்டுறன்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முகத்தைச் சுழித்தார்கள். மூடியைப் போட்டார்கள்.

ஒன்ராறியோவில் பாதுகாப்பற்ற வேலையை மறுக்கத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பெரும்பாலான வேலைகளில் கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் தரவேண்டும். ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக்கூடாது, அரை மணித்தியாலம் சாப்பாட்டு நேரம் உண்டு. ஏஜென்சி மூலம் போகிறவர்களுக்கும் இந்தப் பாதுகாப்புகள் உண்டு. நீதியும் மானமும் உங்கள் கடதாசியில் இருந்தால், நாளைக்குச் செய்யும் சின்னக் காரியம் உங்கள் வேலை நேரத்தை ஒரு கொப்பியில் குறித்து வைப்பதாக இருக்கட்டும்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

கடதாசியும் பேனையும் எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லாவிட்டால், சாப்பிட மனமில்லாவிட்டால், பழைய காட்சிகள் கண் முன்னால் திரும்பத் திரும்ப வந்தால், பிள்ளைகளிலோ மனைவியிலோ கை வைக்கும் அளவுக்குக் கோபம் வந்தால், டொக்டரிடம் போங்கள். தலையிடி என்று மட்டும் சொல்லாமல் மனம் சரியில்லை என்றும் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்தச் சுமை அதற்குக் கூடாது.

செத்தால் நல்லம் என்ற நினைப்பு வந்தால் பொழுது விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கனடாவில் 2023 நவம்பர் முதல் 988 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கதைக்கலாம், எழுத்திலும் செய்தி அனுப்பலாம். மொழி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911. உங்கள் ஊரில் என்ன உதவி இருக்கிறது என்று அறிய 211 ஐ அழைத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். உதவி கேட்பது மானக்கேடு அல்ல. பல் வலிக்கு டொக்டரிடம் போக வெட்கப்படாத நாங்கள் இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

புதிதாக வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, முதல் சில வருடங்கள் கடினமானவை. ஊரில் ஆசிரியையாக இருந்தவர் இங்கே கோப்பைகள் கழுவுகிறார். கடை வைத்திருந்தவர் இங்கே பெட்டி அடுக்குகிறார். வேலையின் பெயர் எங்களைச் சிறிதாக்கிக் காட்டும். அப்படிக் காட்டும் நாளில் கடதாசியை எடுத்து அந்த மூன்று சொற்களை வாசியுங்கள். கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதி, பிறகு ஒருவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். எத்தனையோ வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கே அதில் புதினம் இருக்கும். வளர்ந்த பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். அவர்களின் மூன்றும் உங்களின் மூன்றும் ஒன்றாக இராவிட்டால் சண்டை பிடிக்காமல் “ஏன்?” என்று மட்டும் கேளுங்கள்.

இந்த இதழை மூடி வைத்ததும் ஒரு துண்டுக் கடதாசி எடுங்கள். பத்து நிமிடம் போதும்.